விளக்கு மஞ்சளாகவே இருக்கட்டும்

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய மூன்று கிளிப்பையும் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஆயா முருங்கைக்கீரை ஆய்கிற ஷாட்டில் கேமரா ஆடவே இல்லை. அதுவே பெரிய விஷயம். ஆனால் முதல் கிளிப்பில் ஆயா பச்சை, இரண்டாவதில் ஊதா, மூன்றாவதில் கார சட்னி நிறம். ஒரே ஆயா, ஒரே சாயங்காலம். கடைசியில், "மாமா, உங்க செட்டிங்ஸ் எல்லாம் அனுப்புங்க, அப்படியே போட்டுக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அனுப்ப மாட்டேன். கஞ்சத்தனம் இல்லை. என்னுடையவை சென்னையில் ஒரு ஸ்டூடியோ ஃப்ளோரில், நாங்களே கட்டிய லைட்டுகளுக்காக வைத்தவை. மூலக்குளத்தில் நம் வீட்டு டியூப்லைட்டுக்கு அவற்றைப் போடுவது, டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த கண்ணாடியை நீ மாட்டிக்கொள்வது மாதிரி.

மெனுவை எப்படிப் படிப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன். வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்வதைப் பார்த்திருக்கிறாய். பச்சை மண்ணாக இருக்கும்வரை குதிரையின் காதைத் திருப்பலாம், கழுத்தை நீட்டலாம். சூளைக்குள் போய் வந்த பிறகு உடைக்கத்தான் முடியும். கேமராவிலும் சில அமைப்புகள் பதிவாகும்போதே படத்தோடு சேர்ந்து சுடப்பட்டுவிடும். செட்டில் நாங்கள் 'பேக் ஆயிடுச்சு' என்போம். மற்றவை ஒரு குறிப்பாக மட்டும் கூடவே போகும், எடிட் மேசையில் மாற்றிக்கொள்ளலாம். ரா முறையில் வைட் பேலன்ஸ் அந்த மாதிரிக் குறிப்புதான். ஆனால் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் சோனி எஃப்எக்ஸ்3, தன் கார்டில் ரா பதிவு செய்யாது; அதற்கு வெளியே தனி ரெக்கார்டர் வேண்டும். அதனால் உனக்கு வைட் பேலன்ஸ், காமா, சாச்சுரேஷன், டீடெய்ல் எல்லாமே சூளைதான். தப்பித்தது ஒன்று: மானிட்டரில் பார்ப்பதற்காக மட்டும் போடும் லட் என்ற நிற மாற்று அட்டவணை. அது நீ போட்டுக்கொள்ளும் கூலிங் கிளாஸ்; பதிவைத் தொடாது.

சூளையில் வைக்கும்முன் மண் எவ்வளவு நைசாக இருக்கிறது என்று பார். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. எஸ்-லாக்3 என்ற லாக் வளைவைப் போட்டுவிட்டு 8 பிட்டில் எடுத்தால், கிரேடிங்கில் இழுக்கும்போது மாலை வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். 10 பிட் 4:2:2 தேர்ந்தெடு. கார்டு சீக்கிரம் நிறையும். நிறையட்டும்.

லாக் ஏன் வெளுத்த வேட்டி மாதிரி தெரிகிறது என்று போன மாதம் கேட்டாய். எஸ்-லாக்3 கணக்கில் 18 சதவீதச் சாம்பல் அட்டை சிக்னலில் 41 சதவீதத்தில் உட்காரும். 90 சதவீத வெள்ளை 61-இல்தான். அதற்கு மேலே இருக்கும் இடம் முழுவதும் உச்சிவெயிலுக்கும் விளக்குச் சுடருக்கும் ஒதுக்கி வைத்தது. தேர்த் திருவிழாவில் கறுத்த முதுகும் வெள்ளை வேட்டியும் ஒரே ஃப்ரேமில் பிழைக்க வேண்டும் என்றால் அந்த இடம் வேண்டும். பார்க்க நன்றாக இல்லையே என்று எஸ்-லாக்3 இருக்கும் பிக்சர் ப்ரொஃபைல் பிபி8-க்குள் போய் சாச்சுரேஷனையும் பிளாக் லெவலையும் திருகாதே. பின்னால் போடும் லட், நீ திருகாத வளைவை நம்பித்தான் எழுதப்பட்டது. கிரேடிங் பண்ணப் பொறுமை இல்லையென்றால் பிபி11, எஸ்-சினிடோன் போதும். அதில் ஒரு கேவலமும் இல்லை.

இந்த மெனு எல்லாம் நேற்று வந்தது. பிலிம் காலத்தில் ரோல் வாங்கும்போதே நிறத்தில் பாதி முடிவாகிவிடும். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) கேவாகலர் பிலிம். டங்ஸ்டன் பிலிமை வெயிலில் ஓட்டினால் 85 ஃபில்டர் மாட்டியாக வேண்டும், மறந்தால் ஊரே நீலம். பி.சி.ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-லேயே டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. ஒளியைப் பார்த்துத் தீர்மானிக்கிற வேலை மட்டும் மெனு வந்த பிறகும் போகவில்லை.

இப்போது விளக்குக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் ஆங் லீ 'லைஃப் ஆஃப் பை' எடுக்கப் புதுச்சேரி வந்தார். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் குளத்தில் அகல் விளக்குகள் மின்னும் இரவுக் காட்சி, நம் வீட்டிலிருந்து கால் மணி பஸ் தூரத்தில் எடுத்தது. ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டா கையில் இருந்தது ஆரி அலெக்ஸா, 2010-இல்தான் சந்தைக்கு வந்த கேமரா. அதன் அடிப்படை உணர்திறன் 800. 2013-இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார். குளம் பொன்னாக இருக்கும், வெள்ளையாக இருக்காது.

அகல் விளக்கின் வண்ண வெப்பம் சுமார் 2000 கெல்வின். நீ அந்த விளக்கைக் காட்டி கஸ்டம் வைட் பேலன்ஸ் எடுத்தால், கேமரா உனக்குக் கீழ்ப்படிந்து சுடரை வெள்ளையாக்கப் பார்க்கும். விளக்கொளியில் நீலம் அநேகமாகக் கிடையாது. இல்லாத நீலத்தைக் கேமரா பெருக்கும். பெருக்கினால் வருவது நீலமல்ல, புள்ளிப் புள்ளியான நாய்ஸ். விளக்கு தன் மஞ்சளை இழக்கும், இருட்டு கொதிக்கும். 3200-இல் வைத்துவிட்டுக் கையை எடு. வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றாதே. எஸ்-லாக்3-இல் இந்தக் கேமராவுக்கு 800, 12800 என்று இரண்டு அடித்தளங்கள். 6400-ஐவிட 12800-இல் இருட்டு சுத்தமாக இருக்கும். நம்ப முடியாது, எடுத்துப் பார்.

ஆட்டோ வைட் பேலன்ஸ் பற்றி நான் பேசக் கூடாது, அவமானம். அசிஸ்டென்டாகச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் அதை அணைக்க மறந்தேன். தாலி கட்டும் நேரம், அரக்குப் பட்டு கட்டிய ஒரு அம்மா ஃப்ரேம் முழுக்க நிறைந்தபடி குறுக்கே போனார். சிவப்பு அதிகம் என்று கேமரா நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குளிரவைத்தது. ஐயர் நீலமானார். அந்தப் பன்னிரண்டு விநாடியைச் சரிசெய்ய இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன், அப்படியும் மாப்பிள்ளையின் காது கொஞ்சம் நீலம்தான்.

உன் பச்சை ஆயாவுக்குக் காரணம் கேமரா இல்லை. பழைய டியூப்லைட்டில் பச்சை தூக்கலாக இருக்கும். டின்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் சரியாகும். மலிவான எல்இடி பல்பு அதைவிட மோசம், அதில் சிவப்பே குறைவு. ஒளியில் இல்லாத சிவப்பை எந்த மெனுவும் தராது. பல்பை மாற்று, அல்லது ஆயாவை ஜன்னலோரம் உட்காரவை. உன் கிளிப்பில் தெரியும் பட்டைப் பட்டையான துடிப்புக்குக் காரணம் ஷட்டர். நம் கரண்ட் 50 சுழற்சி, விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. 24 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50, கோணக் கணக்கில் 172.8 டிகிரி. நீ பார்த்துப் படிக்கும் அமெரிக்க வீடியோக்காரர்களுக்குக் கரண்ட் 60 சுழற்சி; அவர்கள் சொல்லும் ஷட்டர் எண் உனக்கு ஒத்துவராது.

தோல் நிறத்துக்கு அந்த வீடியோக்களின் எண்களை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய நிறப் பரிசோதனை அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். 'ஷெர்லி கார்டு' என்றே அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. ஆயாவுக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்? நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்தால், வெளுத்த தோலும் கறுத்த தோலும் ஏறக்குறைய ஒரே கோட்டின் அருகில்தான் விழும், வெளிச்ச அளவுதான் வேறு. அதனால் ஆயாவை வெளுப்பாக்க எக்ஸ்போஷரை ஏற்றாதே. நிறம் கோட்டை விட்டு விலகுகிறதா என்று மட்டும் பார்.

இந்த வாரம் வேறெதுவும் எடுக்க வேண்டாம். ஆயாவை மூன்று இடத்தில் உட்காரவை: காலையில் திண்ணை, 5600; ராத்திரி கூடத்து டியூப்லைட்; விளக்கேற்றிய பிறகு சாமி மாடம், 3200. ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து விநாடி அவர் கையில் சாம்பல் அட்டை, பிறகு அட்டை இல்லாமல் அவர் பாட்டுக்குப் பேசட்டும். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ராவை 94-இல் வை, கோடு விழுந்த இடம் போன இடம். சுடரின் நுனியில் விழுந்தால் விட்டுவிடு, நெற்றியில் விழக் கூடாது. எடுத்த எண்களை நோட்டில் எழுது, போனில் வேண்டாம். வைகாசித் தேருக்குள் அது உன் செட்டிங்ஸ் ஆகிவிடும்.

சாம்பல் அட்டையை ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆயா அதன்மேல் காபி டம்ளர் வைக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா