ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

தில்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பெரும்பாலான கார்கள் மரத்தடியில்தான் நிற்கின்றன. ஆபீசோ கூப்பிடு தூரம். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் பேட்டரியில் திரும்ப ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். அதனால் ஜனவரிக் குளிரில் கார் கிளம்ப மறுத்தால் எல்லாரும் பேட்டரியையே சந்தேகிக்கிறார்கள்.

எங்கள் காரிலும் அப்படித்தான் தொடங்கியது. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் வெறும் ‘டக் டக்’ சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மொத்தமாகச் சிமிட்டும். சற்று நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும். டீலர் ஒர்க்‌ஷாப்பிலோ ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை. “வண்டி நல்லாத்தான் இருக்கு சார்” என்று திருப்பித் தந்தார்கள். பிறகு பேட்டரியை மாற்றினார்கள். அதற்கப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். கோளாறு மட்டும் போகவில்லை. எங்கே பழுது என்று யாரும் அளந்து பார்க்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனதில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அளப்பது பெரிய வித்தையில்லை. ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வரும். வராவிட்டால் ஆல்ட்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் பழுது. எங்களுடையதில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டின் அடியில் துரு ஏறியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அந்த அளவைக் காட்டிய பிறகே டீலர் வாரண்டியில் வயரை மாற்றிக் கொடுத்தார். வாரண்டி இருக்கும்வரை வெளி ஆட்களை வயரில் கைவைக்க விடாதீர்கள். கரோல் பாக் கடைகளில் ஹாரனோ கேமராவோ பொருத்தினாலும், வயரை வெட்டி ஒட்டாமல் கப்ளர் வழியே இணைக்கச் சொல்லுங்கள். வெட்டிய வயரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடமுண்டு. எலி கடித்த வயருக்கும் பொதுவாக வாரண்டி கிடையாது.

எல்லாவற்றையும்விட, வண்டியை சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதும் ஜாப் கார்டு முக்கியம். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடக் கூடாது. ‘காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக் சத்தம், விளக்குகள் சிமிட்டுகின்றன’ என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். மறுபடி வந்தால் மறுபடியும் அதே வார்த்தைகள். கோளாறு வரும்போதே கைபேசியில் வீடியோ எடுத்து சர்வீஸ் அட்வைசருக்கு அனுப்புங்கள். முடிந்தால் வண்டியை முந்தின நாள் மாலையே அங்கே விட்டு, காலை முதல் ஸ்டார்ட்டை அவர்களையே செய்ய வையுங்கள்.

புதுக் காரே வேண்டும் என்று முதலிலேயே சண்டைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. வாரண்டி பழுதான பாகத்தை மாற்றுவதற்குத்தான், காரையே மாற்றுவதற்கல்ல என்று மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே பழுது திரும்பத் திரும்ப வந்தும் டீலர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் எங்கே வாங்கியதானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த ஜாப் கார்டுகளைத்தான்.