வீதியில் ஆடப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

கொலன்னாவையிலிருந்து நீர் அனுப்பிய கடிதம் கிடைத்தது. உம்முடைய காவடிக் குழுவை மாசி மாதத்துப் பெரஹெரா ஊர்வலம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. காவடிக்குப் பெரஹெராவில் இடம் புதிதல்ல. கண்டி எசல பெரஹெராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். அவற்றில் கதிர்காமத் தேவாலயத்தின் வரிசையில் காவடி ஆடுவது வழக்கம். கொழும்பில் கங்காராமய விகாரை 1979இல் நவம் பெரஹெராவைத் தொடங்கியபின் நகரத்துப் பிள்ளைகளுக்கும் இரவு ஊர்வலம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. நீர் தெமட்டகொடை வெசாக் தோரணத்தையும், கொச்சிக்கடை அந்தோனியார் சுருவம் வீதிக்கு வருவதையும், செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் ஊர்வலத்தையும் பார்த்து வளர்ந்தவர். வெளிச்சமும் மேளமும் உமக்குப் புதியவை அல்ல.

நீர் கேட்டவை இரண்டு. மயில் நீலத்தில் சாட்டின் எடுக்கலாமா? எந்தப் பாட்டைப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போகலாம்? இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

மேடையில் ஆடும்போது சபை ஒன்றரை மணித்தியாலம் உம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீதியோரம் பாய் விரித்துப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு நீர் கிடைப்பது அரை நிமிஷம்தான். தூரத்தில் வரும்போது முதலில் உம்முடைய சத்தம் வரும், பிறகு வெளிச்சத்தில் உருவம் வரும், முகம் தெரிவதற்குள் நீர் தாண்டிப் போய்விடுவீர். அந்த அரை நிமிஷத்துக்குத்தான் உடுப்பும் மேளமும். முகபாவத்தை நம்பி வீதிக்கு இறங்காதையும். தோளும் முழங்காலும் காவடியின் வளைவும் பேசவேண்டும்.

முதலில் துணி. பெரஹெராவில் உமக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கூடையில் கொப்பரை எரியும் பந்தங்கள் வரும். அந்த நெருப்பு வெளிச்சத்தில் சிவப்பும் காவியும் மஞ்சளும் உயிர்பெறும். நீலம் செத்துப்போகும், பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது கறுப்பு. கடையில் ரியூப்லைட்டின் கீழ் மினுங்கிய துணியை நம்பி வாங்கக்கூடாது என்பது இதனால்தான். ஒரு சாண் துண்டு வாங்கி வாரும். வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு ஒரு குத்துவிளக்கைக் கொளுத்தி, பத்தடி தள்ளி அந்தத் துண்டை யாராவது பிடிக்க நீர் நின்று பாரும். எந்த நிறம் எழும்புகிறது என்று கண் சொல்லிவிடும். நீலம் மயிலிறகில் இருக்கட்டும், அது போதும்.

இன்னொன்று, இதை மிகுந்த கண்டிப்போடு சொல்கிறேன். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பொலியெஸ்டர். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பந்தத்திலிருந்து பொறி தெறிக்காத ஊர்வலம் கிடையாது. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது, உதறிக் கழற்றலாம். பட்டு இன்னும் மெதுவாகப் பிடிக்கும். எனவே வேட்டி பருத்தி, இடுப்புக்கச்சை பட்டு. தொங்கும் நுனி எதுவும் முழங்காலுக்குக் கீழே வரவேண்டாம். குழுவில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த விஷயத்தில் தாய் தகப்பன் சொல்வதைக்கூடக் கேளாதையும்.

உமக்கு முன்னால் கண்டி நடனக்காரர் போகக்கூடும். அவர்களுடைய வெஸ் உடுப்பைக் கிட்ட நின்று பாரும். மரபில் அதற்கு 64 அணிகள் என்று சொல்வார்கள். தலையில் வெள்ளிக் கிரீடம், அதில் தொங்கும் மெல்லிய வெள்ளி இலைகள், பின்னால் முதுகோடு இறங்கும் நீண்ட துணி, மார்பில் மணிகளால் கோர்த்த வலை, இடுப்பில் சிவப்புக் கரையிட்ட வெள்ளை மடிப்புகள், காலில் சிலம்பு. ஆடுபவர் தலையை ஒருதரம் வெட்டித் திருப்பினால் அந்த இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிணுங்கும், பந்த வெளிச்சம் அவற்றில் பட்டுத் தெறிக்கும். பார்வையும் ஓசையும் ஒரே அசைவிலிருந்து பிறக்கின்றன. ‘கெட்ட பெரய’ என்ற கண்டி மேளத்தை அடிப்பவர் அந்தத் தலையசைப்பைப் பார்த்தே அடியை முடிக்கிறார். வெள்ளியும் வெள்ளையும் எந்த வெளிச்சத்திலும் தோற்காது என்பதைக் கண்டுகொண்டவர்கள் அந்த உடுப்பைச் செய்தவர்கள். மின்சாரம் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இரவுக்கென்று செய்யப்பட்ட உடுப்பு அது. எல்.ஈ.டி. மாலை சுற்றிக்கொண்டு வருபவர்களைப் பார்த்து நீர் ஆசைப்படவேண்டியதில்லை. காவடியில் சிறிய பல்புகள் கட்டாயம் வேண்டும் என்று ஏற்பாட்டாளர் சொன்னால், பற்றரியை இடுப்பின் பின்பக்கம் கட்டும். வயர் தோளைக் குறுக்கே கடக்கக்கூடாது, காவடி சுழலும்போது அது கழுத்தில் மாட்டும்.

உம்முடைய சலங்கையும் வாத்தியம்தான். கயிற்றில் கோர்த்ததைக் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் நடந்தால் அரை மைலில் கணுக்காலுக்கு இறங்கித் தோலை அறுக்கும். தோல் பட்டையில் தைத்ததை வாங்கி, உள்ளே துணி வைத்து, உட்கார்ந்து கட்டாமல் நின்று கட்டும். நிற்கும்போது கால் பருமன் வேறு. ஆடிவேலில் ஆடியவர்களைக் கேட்டால் இதோடு இன்னும் இரண்டு சொல்வார்கள். தேருக்கு முன்னால் அடிக்கும் சிதறு தேங்காயின் ஓடு கண்ணாடித் துண்டுபோல் காலைக் கிழிக்கும், ஆகையால் பாதை பார்க்க ஒருவர் முன்னால் நடக்கவேண்டும். காலிமுகத்திடலைக் கடக்கும்போது ஆடி மாதத்துக் கடற்காற்று காவடியைப் பிடித்து இழுக்கும், அங்கே சுழலக்கூடாது, காற்றுக்கு விலாவைக் கொடுத்து நடக்கவேண்டும். பீலி கட்டும்போதே அடிக்கட்டை இரட்டை முடிச்சாகப் போட்டால் பாதி கவலை தீரும்.

இனிப் பாட்டு. பென்ட்ரைவை வீட்டிலேயே வைத்துவிடும்.

இப்போது பல ஊர்வலங்களில் லொறியில் ஜெனரேற்றரும் ஸ்பீக்கரும் ஏற்றி, சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு குழுக்கள் போகின்றன. அதற்கு நாற்பதடி பின்னால் ஒரு நாதஸ்வரக்காரர் கன்னம் வீங்க ஊதிக்கொண்டு வருவார். ஒரு சுவரமும் கேட்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலையும் கேட்க விடிய விடியக் கோயில் வீதியில் நின்ற சனம் நாங்கள். எங்கள் ஊர்வலத்தில் எங்கள் மேளமே கேட்காமற்போனால் அது யாருடைய ஊர்வலம்?

இதை வெறும் மரபுப் பற்றில் சொல்லவில்லை. பதிவு செய்த பாட்டு உமக்காக நிற்காது. முன்னால் யானை நின்றுவிட்டது, வரிசை தேங்குகிறது, பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஆடவேண்டும். பாட்டு அதன்பாட்டில் ஓடி முடியும். தவில்காரர் உம்முடைய காலைப் பார்ப்பார், நடையைத் தளர்த்துவார், வரிசை நகர்ந்ததும் காலத்தைக் கூட்டி உம்மைத் தள்ளிக்கொண்டு போவார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்துப்பாரும். கம்பீரநாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவிலின் சொற்கட்டையும் நாதஸ்வரத்தின் சுவரத்தையும் மட்டும் வைத்துக் கட்டிய உருப்படி. கூட்டத்தின் இரைச்சலில் வார்த்தை எடுபடாது, தாளமும் நாதமும் எடுபடும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

ஒரு குழுவின் சத்தம் மற்றதை விழுங்கும் சிக்கலை இயந்திரத்தை வைத்தே தீர்த்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் படிக்க விஷயம் உண்டு. கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் பூங்கா 1972 ஜூன் 17இல் தன் மின்விளக்கு ஊர்வலத்தைத் தொடங்கியது. உடுப்பிலும் ஊர்தியிலும் பல்புகள். ஜான்-ஜாக் பெரேயும் கெர்ஷன் கிங்ஸ்லியும் 1967இல் மின்னிசைக் கருவியில் செய்த ‘பரோக் ஹோடவுன்’ என்ற உருப்படி அதற்கு அடித்தளம். ஒவ்வோர் ஊர்தியின் கதைக்கும் வேறு மெட்டு. ஆனால் எல்லா மெட்டும் அந்த ஒரே அடித்தளத்தின் காலத்துக்குப் பொருந்தும்படி அமைத்திருந்தார்கள். ஒன்று தாண்டி மற்றது வரும்போது சத்தம் மோதாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். அவர்களுக்குப் பாதையும் ஸ்பீக்கரும் நேரமும் கைக்குள். கொழும்பு வீதியில் அது நடக்காது. இங்கே இடைவெளிதான் வழி. உமக்கு முன்னால் ‘யக் பெரய’ மேளம் அடித்துப் போகிறவரின் அடி உம்முடைய தவிலின் மேல் விழாத தூரத்தில் நடவும். அந்த இடைவெளியை ஏற்பாட்டாளரிடம் முதலே கேட்டு வாங்கும். கிடைக்காவிட்டால் முன்னால் போகும் பெரயக்காரரோடு பேசி ஒரே காலப்பிரமாணத்தில் வாசிக்கச் சொல்லும். நம்முடைய கலைஞர்களும் சிங்களக் கலைஞர்களும் தாளம் போட்டுப் பேசினால் பாஷை குறுக்கே நிற்காது.

உடுப்பைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 2019 ஆவணியில் கண்டிப் பெரஹெராவில் நடந்த டிக்கிரி என்ற எழுபது வயது யானையின் படங்கள் உலகமெங்கும் போயின. இரவில் பளபளக்கும் போர்வைக்குள் அவள் ராணியாகத் தெரிந்தாள். போர்வையைக் கழற்றியபோது எலும்புக்கூடு. அடுத்த மாதமே இறந்துபோனாள். ஊர்வல உடுப்பு எதையும் மறைக்கும் வல்லமை உள்ளது. வாடிய பிள்ளையின் களைப்பையும் மறைக்கும். உம்முடைய குழுவில் பத்து வயதுப் பிள்ளைகள் மூன்று நான்கு மணித்தியாலம் நடக்கப்போகிறார்கள். தண்ணீர் யார் கொண்டுவருகிறார், கழிப்பறை எங்கே, இடையில் ஒரு பிள்ளையை வரிசையிலிருந்து எடுத்தால் யார் கூட்டிக்கொண்டு போவார் என்று எழுதி வையும். தலைப்பாகையை இறுக்கிக் கட்டினால் பிள்ளைக்குத் தலையிடி வரும், அது வெட்கத்தில் சொல்லாது. நீராகத்தான் கேட்கவேண்டும். யானைக்குப் பக்கத்தில் வரிசை நின்றால் விசில், கூக்குரல் எதுவும் வேண்டாம்.

ஒத்திகையை மண்டபத்தில் வைக்காதையும். இருட்டிய பிறகு உங்கள் ஒழுங்கையிலேயே, முழு உடுப்போடு, தவிலோடு, வெறுங்காலோடு நடந்து பாரும். பனி விழும் இரவில் தோல் தளர்ந்து தவிலின் சுருதி இறங்கும். தவில்காரருக்கும் அது பழகவேண்டும்.

நல்ல தவில்காரர்களுக்குத் தை பிறந்தால் நாள் கிடைப்பது கஷ்டம். இந்தக் கிழமையே கொட்டாஞ்சேனைக்கோ வெள்ளவத்தைக்கோ போய் ஒருவரோடு பேசி முற்பணம் கொடுத்துவிடும். துணிக்கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.

அன்புடன்,
அண்ணன்