மாதவிடாய் ஏன் தள்ளிப் போகிறது?

ஊசலைச் சிறிதளவு ஆட்டிவிட்டால், ஒவ்வோர் அலைவுக்கும் அது ஒரே நேரத்தையே எடுத்துக்கொள்ளும். மாதவிடாய்ச் சுழற்சி அத்தகைய ஊசல் அன்று. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், அதனடியில் அமைந்த பிட்யூட்டரிச் சுரப்பி, சினைப்பை ஆகிய மூன்றும் ஹார்மோன்கள் மூலம் செய்தி பரிமாறி இதை நடத்துகின்றன.

சுழற்சியின் முற்பகுதியில் கருமுட்டை முதிர்கிறது. அது வெளிப்பட்டபின் ஏறத்தாழ 14 நாட்களில் மாதவிடாய் வரும். இப்பிற்பகுதி அதிகம் மாறுவதில்லை. ஆகவே மாதவிடாய் 10 நாள் தள்ளிப்போனால், பெரும்பாலும் கருமுட்டை தாமதமாக வெளிப்பட்டிருக்கும். அல்லது வெளிப்பட்டே இராது.

காரணம் என்ன? பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் இந்தச் செய்தித் தொடர்பு முழுமை பெறுவதில்லை. அப்பருவத்தில் 21 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை வருவது இயல்பே. மனக்கவலை, நோய், போதிய உணவின்மை, கடும் உடற்பயிற்சி ஆகியவை ஹைப்போதலாமஸின் செய்தியைக் குறைக்கும். தைராய்டு கோளாறும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறும் கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கக்கூடும். கருவுற்றாலும் மாதவிடாய் நிற்கும்.

மாணவியரே, மாதவிடாய் தொடங்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். 90 நாட்கள் கடந்தும் வராவிடில், அல்லது 15 வயதாகியும் பூப்படையாவிடில், தாயிடம் சொல்லி மருத்துவரைக் காணுங்கள். கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்பது தீர்வாகாது. அந்தக் குறிப்பே மருத்துவருக்கு முதல் தடயம்.