வானிலிருந்து பயிரையும் தீயையும் அறிதல்

புனேயில் 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் பி. ஆர். பிஷாரடி ஆவார். பருவமழையை ஆராய்ந்த இவரே, 1970-ஐ ஒட்டிக் கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து படமெடுக்கச் செய்தார். அங்கு வேர் வாடல் நோய் பரவியிருந்தது. அந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. காய்ப்பைக் குறைத்துக்கொண்டே செல்லும். தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆகவே, அது எத்தோப்புகளில் உள்ளதென அறிதல் இன்றியமையாததாயிற்று. தோப்பினுள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மரத்தின் கொண்டை முழுவதும் தெரியாதன்றோ?

காமிராவில் அகச்சிவப்புக் கதிர்களைப் பதியும் விசேஷப் பிலிம் இடப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களை நலமுள்ள இலை மிகுதியாகப் பிரதிபலிக்கும். இலையினுள் அமைந்த உயிரணுக்களின் அடுக்கே இதற்குக் காரணம். அவ்வடுக்கு சிதைந்தால் பிரதிபலிப்பும் குன்றும். எனவே, இத்தகைய படத்தில் நலமான மரம் செக்கச்செவேலென்றும், நோயுற்றது நிறம் மங்கியும் தோன்றும். பச்சை மரம் சிவந்து காண்பது மாணவருக்கு வியப்பளிக்கும். அச்சிவப்பு பிலிமின் சாயமேயன்றி மரத்தினுடையதன்று. நிறம் மங்குவதற்கு வறட்சியும் காரணமாகலாம். ஆதலின், படத்தைக் கையில் கொண்டு தோப்பிற்குள் சென்று மரத்தைச் சோதித்தல் வேண்டும்.

காட்டுத்தீயைக் காட்டிக்கொடுப்பது அதன் வெப்பம். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள்களின் உதவியால் தீ எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. இப்பணிக்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்றன் ஒரு புள்ளி, தரையில் 375 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதாவது ஏறத்தாழ 14 ஹெக்டேர். அதனுள் எரிவது காடா, அறுவடையான வயலின் அரிதாளா என்பதைப் புள்ளி கூறாது. வனக்காவலரே நேரில் சென்று கண்டறிதல் வேண்டும்.