விழுப்புரத்திலிருந்து ஒரு நாள்: எந்த ரயில், எந்த ஊர், யார் வழிகாட்டி?

டெல்லியில் காலை எட்டு மணி வாக்கில் கதிமான் எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர், 188 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக்ராவில் பத்து மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறார். நிலையத்துக்கே வழிகாட்டி வந்து அழைத்துப் போகிறார். தாஜ்மகாலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு மாலை அதே வண்டியில் ஊர் திரும்பலாம். விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூருக்கும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான், 192 கிலோமீட்டர். ஆனால் கடலூர், மயிலாடுதுறை வழியாகப் போகும் மெயின் லைன் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எக்ஸ்பிரஸ் வண்டிக்கே மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். போய்ச் சேரும்போது பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும்.

ஆகவே ஆக்ராவின் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் ஆக்ரா போகிறவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, தஞ்சாவூர், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. அவற்றில் மூன்று பாதைகளில் ஒரு நாளுக்குள் போய்த் திரும்பக்கூடிய பெரும் நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் மூன்று கணக்கு

ஒன்று, இடத்தில் நிற்கும் நேரம். எத்தனை ஊர் பார்க்கிறோம் என்பதைவிட, ஒரு சிற்பத்தின் முன்னால் எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்பதே முக்கியம். போக வர ஆகும் நேரத்தைக் கழித்த பிறகு குறைந்தது நான்கு மணி நேரமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள்.

இரண்டு, நடை சாத்தும் நேரம். வழிபாடு நடக்கும் கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 அல்லது 12.30 முதல் மாலை 4 வரை மூடியிருக்கும். தொல்லியல் துறையின் கோட்டைகளுக்கும் குடைவரைகளுக்கும் இந்த இடைவேளை கிடையாது. பகல் வண்டியில் போகிறவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே பாதித் தீர்மானம்.

மூன்று, திரும்பும் வண்டி. போகும் வண்டியைப் பார்ப்பதற்கு முன் திரும்பும் வண்டியைப் பாருங்கள். திண்டிவனத்துக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விழுப்புரத்தில் நிற்கும் எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் திண்டிவனத்தில் நிற்பதில்லை. கால அட்டவணை அவ்வப்போது மாறுவதால், கிளம்புவதற்கு முந்தைய நாள் 139-ஐ அழைத்தோ ரயில்வே செயலியிலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம்

குடும்பத்தோடு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். விழுப்புரத்திலிருந்து செங்கல்பட்டு 103 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து எழும்பூர் போகும் காலை மெமு விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரையும் தொட்டுப் போகிறது. செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர்.

இங்கே பகலில் எதையும் மூட மாட்டார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, மகிஷமர்த்தினி மண்டபம் எல்லாம் நடந்தோ ஆட்டோவிலோ சுற்றும் தூரத்தில் உள்ளன. பாறையைக் குடைந்த மண்டபம், ஒரே பாறையைச் செதுக்கிய ரதம், கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் எனப் பல்லவர் கட்டடக் கலையின் மூன்று நிலைகளையும் ஒரே நாளில் வரிசையாகப் பார்க்கலாம். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. குறை ஒன்றே: வெயில். ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் நிழலுள்ள குடைவரை மண்டபங்களுக்குப் போங்கள்.

சிதம்பரமும் கங்கைகொண்ட சோழபுரமும்

சிதம்பரம் விழுப்புரத்திலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் சில நிமிடம். நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்துக்கும் உரிய சுலோகம் கிரந்த எழுத்தில் உடனிருக்கிறது. பரதம் பயிலும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை முதலில் அழைத்துப்போக வேண்டிய இடம் இதுதான்.

அதிகாலை பாசஞ்சரைப் பிடித்தால் மட்டுமே இந்தத் திட்டம் பலிக்கும். பகல் நேர சோழன் எக்ஸ்பிரஸில் போனால் கிட்டத்தட்ட நடை சாத்தும் வேளையில் போய் நிற்பீர்கள். நண்பகல் வரை சிதம்பரத்தில் இருந்துவிட்டு, கோயில் மூடியிருக்கும் நேரத்தைச் சாலைப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 45 கிலோமீட்டர். நாலு மணிக்கு நடை திறக்கும்போது அங்கே இருந்தால், மேற்கு வெயில் விமானத்தின் மேல் விழும் நேரம் வாய்க்கும். வடக்கு வாசலருகே, சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். இந்தக் கோயிலைக் கட்டிய இராசேந்திர சோழன் தன்னையே அதில் குறிப்பாக உணர்த்தினான் என்று கருதுவோரும் உண்டு.

இந்த இரட்டைத் திட்டம் நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு. முதியவர்களோடு போனால் சிதம்பரத்தோடு நிறுத்திக்கொண்டு, பகலைப் பிச்சாவரம் படகுத்துறையில் கழிக்கலாம்.

தாராசுரமும் தஞ்சாவூரும்

ஒரே நாளில் இரண்டையும் சேர்க்காதீர்கள். கும்பகோணம் வரை போய், அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை மட்டும் நிதானமாகப் பார்ப்பது ஒரு நல்ல நாள். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயில். நாயன்மார் வரலாறுகள் கையகலச் சிற்பங்களாக அடித்தளத்தைச் சுற்றி ஓடுகின்றன. பெரியபுராணம் தெரிந்தவர் ஒருவர் உடனிருந்தால் ஒவ்வொன்றும் பேசும். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் சுற்றிவந்துவிடுவீர்கள்.

தஞ்சாவூருக்கு ஒரு நாள் போதாது என்பதே என் உறுதியான கருத்து. 1010-இல் முடிந்த பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்க அரை மணி போதும். ஆனால் அதன் சுவர்களில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் இருக்கின்றனவே! தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், அவர்கள் வந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எண் வரை கல்லில் இருக்கிறது. அரசனோடு அவன் கோயிலில் ஆடிய பெண்களையும் பெயர் சொல்லி நினைவில் நிறுத்திய இடம் அது. அவசரத்தில் பார்க்க வேண்டியதல்ல. பகல் வண்டியில் போய், மாலையும் மறுநாள் காலையும் கோயிலில் இருக்கும்படி ஒரு இரவு தங்குங்கள்.

காட்பாடிப் பாதை: வேலூர்க் கோட்டை

இந்தப் பாதையில் வண்டிகள் குறைவு. ஆனால் வேலூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினால் கோட்டை இரண்டு கிலோமீட்டருக்குள். அகழி சூழ்ந்த கோட்டை, உள்ளே சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம், 1806 சூலை 10 அன்று ஆங்கிலேயருக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் எழுந்த இடம் என எல்லாம் ஒரே மதிலுக்குள் உள்ளன. கோயில் மூடும் பகலில் கோட்டையைச் சுற்றலாம். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிருங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தம்.

இதே பாதையில்தான் திருவண்ணாமலை. கிருட்டிணதேவராயர் தொடங்கிய 217 அடி ராசகோபுரத்தைச் சிற்பக் கண்ணோடு பார்க்க விரும்பினால் பௌர்ணமியன்று போகாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் நின்று பார்க்க இயலாது.

ரயில் போகாத செஞ்சி

2025 சூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் இராசாராமை முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-இல்தான் கோட்டையைக் கைப்பற்றியது. திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. அது வந்தால் சென்னையிலிருந்து நேராக வண்டியேறிச் செஞ்சிக் கோட்டையின் இராசகிரி மலை அடிவாரத்தில் இறங்கலாம். வரும்வரை, வெளியூர்க்காரர்கள் ரயிலில் திண்டிவனம் வந்து, பேருந்தில் 28 கிலோமீட்டர் போவதே எளிது. விழுப்புரத்திலிருந்து 38 கிலோமீட்டர்.

நம்மவர்களுக்கு இது பேருந்துப் பயணம்தான். ஆனால் இடத்தில் நிற்கும் நேரம் என்ற கணக்கில் எல்லாவற்றையும் வெல்வது இதுவே. காலை ஒன்பதுக்கு மலையேறத் தொடங்கலாம். மாலை நெருங்கினால் மேலே ஏற விடமாட்டார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் அடிவாரத்தின் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், வெங்கடரமணர் கோயிலோடு நிறைவு கொள்ளலாம்.

விழுப்புரம் திரும்பும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இக்கோயிலை ஆக்கினேன் என்ற பொருளில் மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்த குடைவரை. பல்லவர் குடைவரைகளில் மிகப் பழையதாகப் பல ஆய்வாளர்கள் கருதுவது இது. மாமல்லபுரம் போவதற்கு முந்தைய வாரம் இதைப் பார்த்துவிட்டால், அந்தக் கலை எங்கிருந்து புறப்பட்டது என்பது விளங்கும்.

வழிகாட்டியை எப்படித் தேர்வது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது தொகுப்புச் சுற்றுலா. ஐ.ஆர்.சி.டி.சி.யின் ரயில் சுற்றுலாக்கள் பெரும்பாலும் பல நாள் பயணங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் காஞ்சிபுரம் – மாமல்லபுரம் ஒரு நாள் சுற்றுலா சென்னையிலிருந்து பேருந்தில் கிளம்புவது. சாப்பாடு, நுழைவுச்சீட்டு என்று எதற்கும் அலைய வேண்டாம் என்பது இதன் பலம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நேரத்தை நிர்ணயிப்பவர் நீங்கள் அல்லர்.

இரண்டாவது, இடத்திலேயே உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துவது. மாமல்லபுரம், தஞ்சாவூர் போன்ற இடங்களில் இது எளிது. அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கட்டணம், எத்தனை மணி நேரம், எந்த மொழி என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா? இரண்டு கருத்தையும் சொல்லி, எந்த உருவத்தை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கைநீட்டிக் காட்டுபவர் நல்ல வழிகாட்டி. செஞ்சியிலும் அப்படியே. தேசிங்குராசனைப் பற்றிய நாட்டுப்புறக் கதையையும் 1714-இல் அவன் உண்மையில் நடத்திய போரையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரோடு போங்கள்.

மூன்றாவது, படித்துவிட்டுக் குழுவாகப் போவது. மண்டகப்பட்டு, தாராசுரம் போன்ற இடங்களுக்கு இதுவே ஏற்றது. சோழர் கோயில்களுக்குக் குடவாயில் பாலசுப்ரமணியனின் நூல்கள் கையில் இருந்தால் போதும். உங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியரோ தமிழாசிரியரோ உடன் வந்தால் இன்னும் நல்லது.

செலவைப் பொறுத்தவரை என் யோசனை இது. ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் போய் மிச்சம் பிடியுங்கள். வழிகாட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து பகிர்ந்தால் தலைக்கு ஒரு சாப்பாட்டுச் செலவுதான் வரும். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

எப்போது, யாருக்கு, எது?

திசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நவம்பரிலும் திசம்பர்த் தொடக்கத்திலும் புயல் செய்தியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் ஏறி வண்டிகள் நின்றுபோயின.

சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பம் என்றால் மாமல்லபுரம். மலையேறும் இளைஞர்களுக்குச் செஞ்சியும் மண்டகப்பட்டும். நாட்டியம், சிற்பம் பயில்வோருக்குச் சிதம்பரம். பள்ளிக் குழுவுக்கு வேலூர். பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தாராசுரம். தஞ்சாவூருக்கு மட்டும் ஓர் இரவு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் ஒரு நாளுக்கு ஒரு முக்கிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ கல்லில் எழுதிவைத்ததை, படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று படித்துக் காட்டும்போது கேட்கிற பிள்ளைக்கு, வரலாறு அதன்பின் மனப்பாடப் பாடமாக இருக்காது. அந்தப் பிள்ளைக்காகவே இந்தக் கணக்கை எல்லாம் போட வேண்டியிருக்கிறது.