ஓட்டல் ரிவ்யூக்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் முதலில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று ரயில் டிக்கெட் எடுப்பது. அடுத்தது, போகிற ஊரில் தங்க அறை தேடுவது. டிக்கெட்டில் பெரிய குழப்பம் இல்லை. எந்த வண்டி, எந்தப் பெட்டி, என்ன கட்டணம் என்பதெல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும். அறை விஷயம் அப்படி இல்லை. நான்கு படங்கள், ஒரு நட்சத்திரக் கணக்கு, முகம் தெரியாத யாரோ எழுதிய சில வரிகள். இவற்றை நம்பித்தான் பணம் கட்டுகிறோம். இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் போய் இறங்கிய பிறகு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வேறு அறை தேடி அலைவது எளிதல்ல.

எனவே ரிவ்யூக்களைப் படிக்கக் கற்றுக் கொள்வது அவசியம். எல்லாமே பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். எல்லாமே உண்மை என்று நம்பவும் வேண்டாம். ஓர் ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் என்னென்ன பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்பதை இங்கே வரிசையாகத் தருகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்து, படித்துக் கொண்டே செய்தும் பாருங்கள்.

1. யார் எழுத முடியும்?

ரிவ்யூ தரும் தளங்கள் இரண்டு வகை. முதல் வகையில், தங்கியதற்கு ஆதாரம் காட்டாமலேயே எழுதலாம். கூகுள் மேப்ஸ் இந்த வகை. கூகுள் அக்கவுண்ட் இருந்தால் போதும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய டிரிப்அட்வைசர் தளமும் இப்படித்தான் வளர்ந்தது. இரண்டாவது வகையில், அந்தத் தளத்தின் மூலம் அறை பதிவு செய்தவர்கள் மட்டுமே எழுத முடியும். புக்கிங் டாட் காம் இதற்கு உதாரணம்.

இந்த வேறுபாடு முக்கியமா என்று கேட்கலாம். 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. டினா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவலியர் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஒரே ஓட்டலுக்கு டிரிப்அட்வைசரிலும் எக்ஸ்பீடியாவிலும் வந்த ரிவ்யூக்களை ஒப்பிட்டார்கள். எக்ஸ்பீடியாவில் அப்போது பதிவு செய்தவர்கள் மட்டுமே எழுத முடியும். அருகிலேயே போட்டி ஓட்டல் இருந்தால், யாரும் எழுதக்கூடிய தளத்தில் மட்டும் மோசமான ரிவ்யூக்கள் கூடுதலாக இருந்தன. அந்தப் போட்டி ஓட்டல் ஒரு தனி முதலாளி நடத்துவதாக இருந்தால் இது இன்னும் அதிகம். பக்கத்துக் கடைக்காரர் வேலை என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான்.

ஆகவே ஓர் ஓட்டலை ஒரே தளத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வகையிலும் ஒவ்வொரு தளம் பாருங்கள். இரண்டிலும் ஒரே குறை சொல்லப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் உண்மைக் குறை. மதிப்பெண்களை மட்டும் நேரடியாக ஒப்பிட வேண்டாம். ஒரு தளம் 5-க்கு மதிப்பெண் தரும், இன்னொன்று 10-க்குத் தரும். புக்கிங் டாட் காமில் 2019 வரை ஒருவர் தரக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண்ணே 2.5 ஆக இருந்தது. அளவுகோல் மாறினால் எண்ணின் அர்த்தமும் மாறும்.

2. படித்தாலே பொய் தெரிந்துவிடுமா?

"எனக்குப் படித்தாலே தெரிந்துவிடும் சார்" என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2011-ல் சோதித்துப் பார்த்தார்கள். சிகாகோ நகரின் 20 ஓட்டல்களுக்கு டிரிப்அட்வைசரில் வந்த 400 நல்ல ரிவ்யூக்களை எடுத்துக் கொண்டார்கள். அதே ஓட்டல்களுக்கு, ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து 400 பொய் ரிவ்யூக்களை எழுதி வாங்கினார்கள். இவற்றிலிருந்து ஒரு பகுதியை மூன்று மாணவர்களிடம் கொடுத்து, எது பொய் என்று கேட்டார்கள். மூவரில் நன்றாகச் சொன்னவர்கூட நூற்றுக்குச் சுமார் 62 தான் சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 சரியாக வருமே! ஆனால் அவர்கள் தயாரித்த கம்ப்யூட்டர் புரோகிராம் நூற்றுக்குச் சுமார் 90 சரியாகச் சொன்னது.

அந்த புரோகிராம் கவனித்தது என்ன? தங்கியவர்கள் அறையின் அளவு, குளியலறை, இருக்கும் இடம் போன்றவற்றைப் பற்றி அதிகம் எழுதினார்கள். பொய் எழுதியவர்களுக்கு அறை தெரியாது. அதனால் "நானும் என் கணவரும் விடுமுறைக்குப் போனோம்" என்று தங்களைப் பற்றியும், போன காரியத்தைப் பற்றியும் அதிகம் எழுதினார்கள். "நான்", "எனக்கு" என்ற சொற்களும் அவற்றில் அதிகம்.

இதை அப்படியே ஒரு விதியாக எடுத்துக் கொள்ளக்கூடாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பிழையில்லாத, விவரம் நிறைந்த பொய்யை எழுதுவதும் எளிதாகிவிட்டது. ஆகவே நடை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். சரிபார்க்க முடிந்த விவரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். "அருமையான ஓட்டல், அன்பான ஊழியர்கள்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "வெந்நீர் காலை 6 முதல் 9 வரை மட்டும்", "லிப்ட் கிடையாது, மூன்றாம் மாடி", "பின்பக்க அறைகளில் பஸ் ஸ்டாண்ட் சத்தம்" என்பவற்றை ஓட்டலுக்குப் போன் செய்து கேட்டுவிடலாம்.

3. நட்சத்திரக் கணக்கு

4.8 எடுத்த ஓட்டல், 4.2 எடுத்த ஓட்டலை விட நல்லது என்று தோன்றும். எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள் என்றும் பாருங்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

ஓர் ஓட்டலில் உண்மையில் தங்கிய 15 பேர் சராசரியாக 3.4 தருகிறார்கள். மொத்தம் 51. முதலாளிக்கு வேண்டிய 5 பேர் ஆளுக்கு 5 தருகிறார்கள். மொத்தம் 25. இப்போது 20 பேருக்கு 76. சராசரி 3.8 ஆகிவிட்டது.

இன்னோர் ஓட்டலில் 895 பேர் சராசரியாக அதே 3.4 தந்திருக்கிறார்கள். அங்கும் அதே 5 பேர் போய் 5 போட்டால், 900 பேரின் சராசரி 3.41 தான். அசையவே இல்லை. எனவே 20 ரிவ்யூ உள்ள ஓட்டலின் எண்ணை எளிதில் நகர்த்தலாம். 900 ரிவ்யூ உள்ள ஓட்டலின் எண்ணை நகர்த்தப் பெரும் கூட்டம் வேண்டும்.

சராசரிக்கு அருகில் 5, 4, 3, 2, 1 என்று பட்டைகள் இருக்கும். அவற்றையும் கவனியுங்கள். 5-ம் 1-ம் நீளமாக இருந்து நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் நான் அங்கே நின்று யோசிப்பேன். பழைய கட்டடம், புதிய கட்டடம் என்று இரண்டு வகை அறைகள் இருக்கலாம். சீசனில் ஒரு மாதிரியும் மற்ற நாட்களில் வேறு மாதிரியும் நடத்தலாம். அல்லது, உண்மையான 1-களை மறைக்க யாரோ 5-களைக் கொட்டியிருக்கலாம். எது என்பது ரிவ்யூக்களின் தேதிகளைப் பார்த்தால் தெரியும்.

4. இரண்டு குழப்பங்கள்

முதலாவது, நட்சத்திரம் என்ற சொல். மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களை ஆய்வு செய்து தரும் ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரத் தகுதி வேறு. இன்டர்நெட்டில் மக்கள் போடும் நட்சத்திரம் வேறு. 4.6 என்று இருப்பதால் அது நான்கு நட்சத்திர ஓட்டல் ஆகிவிடாது.

இரண்டாவது, ஓட்டல் என்ற சொல். நம் ஊரில் ஓட்டல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே தங்கும் அறை என்று நடத்தும் இடங்கள் ஏராளம். கூகுள் மேப்ஸில் இரண்டுக்கும் ஒரே பெயரில் ரிவ்யூ விழுந்திருக்கும். 4.3 என்ற எண் சாம்பாருக்கு விழுந்ததா, அறைக்கு விழுந்ததா என்று படித்துத்தான் பார்க்க வேண்டும்.

5. செய்து பார்ப்போம்

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து கொள்ளுங்கள். தேடும் கட்டத்தில் ஓட்டலின் பெயரையும் ஊரையும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இடது பக்கம் ஓட்டலின் விவரம் வரும். அதில் ரிவ்யூ பகுதியில் கிளிக் செய்து, கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

* வரிசையை மாற்றி, புதிய ரிவ்யூக்கள் முதலில் வரும்படி அமையுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய பாராட்டு இன்று உதவாது. அதற்குள் முதலாளியே மாறியிருக்கலாம்.

* தேதிகளைப் பாருங்கள். மாதத்திற்கு இரண்டு, மூன்று என்று வந்து கொண்டிருந்தது, திடீரென ஒரே வாரத்தில் முப்பது 5 நட்சத்திரம் என்றால் சந்தேகப்படுங்கள்.

* எழுதியவரின் பெயரில் கிளிக் செய்யுங்கள். அவர் எழுதிய மற்ற ரிவ்யூக்களை மறைக்காமல் வைத்திருந்தால் பட்டியல் கிடைக்கும். ஒரே நாளில் ஜெய்ப்பூர், கொச்சி, கவுகாத்தி ஓட்டல்களில் அவர் தங்கியிருந்தால், எப்படிப் போனார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

* மதிப்பெண் குறைந்தவை முதலில் வரும்படி மீண்டும் மாற்றுங்கள். அதில் ஒரு பத்து படியுங்கள். பிறகு 3 நட்சத்திரம் தந்தவர்களின் ரிவ்யூக்களைத் தேடிப் படியுங்கள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்பவர்கள் இவர்கள்தான். பொய் எழுதக் காசு தருபவர் யாரும் 3 நட்சத்திரம் கேட்க மாட்டார்.

* ரிவ்யூ பகுதியில் பூதக்கண்ணாடி படம் இருந்தால் அதைக் கிளிக் செய்து, தண்ணீர், பாத்ரூம், பார்க்கிங் போன்ற உங்களுக்குத் தேவையான சொல்லைத் தேடுங்கள். பலர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் அதே சொல்லை ஆங்கிலத்திலும் தேடுங்கள்.

* தங்கியவர்கள் போட்ட படங்களையும் ஓட்டல் போட்ட படங்களையும் ஒப்பிடுங்கள். ஓட்டல் தந்த படத்தில் சந்தேகம் இருந்தால் கூகுள் லென்ஸ் மூலம் அந்தப் படத்தைத் தேடலாம். அதே அறை வேறு நாட்டு ஓட்டலின் பெயரில் வந்தால், அந்த விளம்பரத்தை அப்படியே மூடிவிடலாம்.

6. மோசமான ரிவ்யூவைப் படிக்கும் முறை

1 நட்சத்திரம் என்றாலே உண்மை என்று நினைக்க வேண்டாம். "டிவியில் எங்கள் சானல் வரவில்லை" என்பதும் 1 நட்சத்திரம், "பெட்ஷீட்டில் மூட்டைப்பூச்சி" என்பதும் 1 நட்சத்திரம். வேறு வேறு மாதங்களில், வேறு வேறு ஆட்கள் ஒரே குறையைச் சொன்னால் அதை எடுத்துக் கொள்ளுங்கள். கீழே ஓட்டல்காரர் தந்த பதிலையும் படியுங்கள். "ஜூன் மாதம் மோட்டார் பழுது, இப்போது மாற்றிவிட்டோம்" என்பது பதில். எல்லோருக்கும் ஒரே நன்றி வாசகத்தை ஒட்டிக் கொண்டே போவது பதில் ஆகாது.

மோசமான ரிவ்யூ இல்லாததும் ஓர் உத்தரவாதம் அல்ல. ஆஸ்திரேலியாவில் மெரிட்டன் என்ற நிறுவனம் தங்கும் அடுக்ககங்களை நடத்துகிறது. தங்கியவர்களின் இமெயில் முகவரிகளை அது டிரிப்அட்வைசருக்குக் கொடுக்கும். டிரிப்அட்வைசர் அவர்களுக்கு ரிவ்யூ கேட்டு மெயில் அனுப்பும். மனக்குறையோடு போனவர்களின் முகவரியில் மட்டும் மெரிட்டன் ஊழியர்கள் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்து அனுப்பினார்கள். மெயில் போய்ச் சேரவே இல்லை. இதற்காக அந்த நாட்டு நீதிமன்றம் 2018-ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கே ஒரு பொய் ரிவ்யூகூட எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியிருக்க வேண்டியவர்களிடம் கேட்காமல் விட்டதுதான் ஏமாற்று.

7. உங்களையே எழுதச் சொல்வார்கள்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். "வீட்டிலிருந்தே வேலை. கூகுள் மேப்ஸில் ஓட்டல்களுக்கு 5 நட்சத்திரம் போட்டு, திரையைப் படம் எடுத்து அனுப்பினால் பணம்" என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். முதலில் நூறோ, இருநூறோ உண்மையாகவே உங்கள் கணக்கிற்கு வரும். நம்பிக்கை வந்த பிறகு, பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணமும் லாபமும் அவர்களது வெப்சைட்டில் வளர்ந்து கொண்டே போகும். எடுக்கத்தான் முடியாது. எடுக்க வேண்டுமானால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் கறப்பார்கள். இந்த வலையில் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் பலர். இப்படிப்பட்ட பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட தளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. நீங்கள் படிக்கும் பாராட்டு ரிவ்யூக்களில் சில, இப்படி ஏமாந்தவர்கள் கையால் விழுந்த நட்சத்திரங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரத்தை வெளியிட்டது. ரிவ்யூக்களை எப்படிச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது என்று அது சொல்கிறது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து பின்பற்றும் தரமாகவே அது அறிமுகமானது. அமெரிக்காவில் பொய் ரிவ்யூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விதிகள் வந்தாலும், அறையைப் பதிவு செய்யும் நேரத்தில் நம் பணத்திற்கு நாம்தான் காவல்.

பணம் கட்டும் முன்

இரண்டு தளங்களில் பார்த்து, பிடித்த ஓட்டல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இனி அந்த ஓட்டலுக்குப் போன் செய்யுங்கள். ரிவ்யூக்களில் அடிக்கடி வந்த குறை எதுவோ அதையே கேளுங்கள். "வெந்நீர் எத்தனை மணி வரை வரும்? கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா?" பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். முடிந்தவரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே பதிவு செய்யுங்கள். சற்றுக் கூடுதல் கட்டணம் என்றாலும் முதல் முறை போகும் ஊருக்கு அது நல்லது.

ஊர் திரும்பியதும் நீங்களும் ஒரு ரிவ்யூ எழுதுங்கள். எந்த மாதம் தங்கினீர்கள், எந்த மாடி, என்ன கட்டணம், தண்ணீர் எப்படி, சத்தம் எப்படி என்று ஐந்து வரி போதும். தமிழிலேயே எழுதலாம். அடுத்து அந்த ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர் அதைப் படிப்பார்.