நீர் முதல், மீன் பின்பு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து வாழும் விலங்கும் புள்ளும் மரமும் பிறவும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்துரைப்பதை வகுப்பில் கற்றோம். முதற்பொருள் அமையாதவிடத்துக் கருப்பொருள் நிலைபெறாது என்பதை எமக்கு நன்கு உணர்த்தியதோ, ஒரு கண்ணாடித் தொட்டி.

எம் ஊர் தளி. ஓசூருக்குத் தெற்கே, கருநாடக எல்லையை அடுத்து, ஏரிகளை உடைய குளிர்ந்த மேட்டுநிலம் அது. ஆங்கிலேயர் அதனைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தனர் என்பர். சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியொன்றை வாங்கி, அன்றே நீர் நிரப்பி, அன்றே பன்னிரண்டு மீன்களையும் விட்டோம். நீர் பளிங்குபோல் இருந்தது. நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திணறின; ஒன்பதாம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை. "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, அண்ணா?" என்று எம் தங்கை கேட்டாள். விடை கூற அறியாது தலைகுனிந்தோம். கடைக்காரரைக் குறை கூறினோம். குளிரைக் குறை கூறினோம். குற்றம் எம் அவசரத்தினுடையது என்பதைப் பின்னரே கற்றறிந்தோம்.

மீனின் செவுள்வழி வெளிப்படும் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய இரை அழுகுவதிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அது நீரில் கரைந்து நிற்பதால் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஏரியிலும் இந்நஞ்சு தோன்றுகின்றது. எனினும், ஆங்கு ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகையின நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரைட்டும் கொடியதே, மீனின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கும். நைட்ரேட்டோ சிறிதளவில் தீங்கு செய்யாது; நீர்ச்செடிகள் அதனை உணவாகக் கொள்ளும். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள சிறுகற்களிலும் அவை பற்றிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். குளிரில் இன்னும் தாமதிக்கும். ஆகவே நீர் தெளிந்திருத்தல் வேறு, பக்குவமடைந்திருத்தல் வேறு என்க.

இனி, கோடை விடுமுறையில் யாம் செய்த முறையைக் கூறுவோம். தொட்டியில் நீர் நிரப்பிச் செடிகளை நட்டு, வடிகட்டியை இராப்பகல் இயங்கவிட்டோம். குழாய்நீரில் குளோரின் இருப்பின் அது நுண்ணுயிரையும் மீனையும் ஒருங்கே கெடுக்குமாதலின், அதனை நீக்கும் மருந்துத் துளிகளை முன்னரே இட்டோம். மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை இரை தூவினோம். அது அழுகித் தரும் அமோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு. வெற்றுநீருக்கு இரையிடும் எம்மைக் கண்டு வீட்டார் நகைத்தனர். சோதனைத் துளிகளால் நீரை அடிக்கடி ஆராய்ந்தோம். அமோனியா ஏறித் தணிந்தது. பின்பு நைட்ரைட்டு ஏறித் தணிந்தது. ஆறாம் வார முடிவில் இரண்டும் இல்லையாக, நைட்ரேட்டு மட்டுமே காணப்பட்டது. அன்றுதான் மீன் வாங்கப் புறப்பட்டோம்.

எம்மீனைத் தேர்வது? சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வளர்க்கப்படும் மீன்வகைகளோ பல. வெப்பநாட்டு மீன்களிற் பெரும்பாலானவை 24 முதல் 27 பாகை வெப்பம் வேண்டுவன. தளியின் மார்கழி இரவுகளில் வெப்பமூட்டியின்றி அவை வருந்தும். வரிக்குதிரை மீனோ சற்றுக் குளிரைப் பொறுக்கும். நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரியது. 1800-ஆம் ஆண்டில் சென்னையினின்று புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளை ஆராய்ந்த புக்கானன், பிற்காலத்தில் ஆமில்டன் எனப் பெயர் பூண்டு, 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இம்மீனை முதன்முதல் விவரித்தார். இது கூட்டமாக வாழ்வதாகலின் ஆறேனும் வேண்டும். எனினும் ஒரே நாளில் ஆறையும் விடாது, முதலில் மூன்றும், இரு வாரம் கழித்து மூன்றும் விட்டோம். கழிவின் மிகுதிக்கேற்ப நுண்ணுயிர்களும் பெருக வேண்டுமன்றோ? மீனுள்ள பையைக் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, பின்னரே மீனை வலையால் எடுத்து விட்டோம்.

அதன்பின் வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுகிறோம். வடிகட்டியின் பஞ்சை, மாற்றும்போது எடுத்த தொட்டிநீரிலேயே அலசுகிறோம். குழாயடியில் கழுவின் நுண்ணுயிர்கள் மடியும். இரை, இரண்டு நிமிடத்தில் உண்ணும் அளவே. மீன் மிகுந்தாலும் சலித்தாலும் ஏரியில் விடலாகாது. அயல்நாட்டு மீன்கள் பெருகி ஆங்குள்ள மீன்களை நெருக்கும், நோயையும் பரப்பும்.

இவ்வளவிலும் கடினமானது யாதெனின், வெறுந்தொட்டியை ஆறு வாரம் பார்த்திருத்தலே. நீர் நிலமாயிற்று; அக்காத்திருப்பே பொழுதாயிற்று. இரண்டும் கூடியபின் மீன்கள் தாமே வாழ்கின்றன. இவ்விளக்கத்தை எம் தங்கைக்குக் கூறினோம். அவள் மீன்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள், ஆறும் இருந்தன.